உதடு சேரலாம், பல் சேரக்கூடாது

திருச்சியில் பஸ் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நல்லுச்சாமியின் கண் சிந்தாமணியின் வலது கன்னத்தை விட்டு நகரவில்லை. கல்யாணமான புதிதில்கூட அவர் மனைவியை இப்படி உற்றுப் பார்த்ததில்லை, எதிர் சீட்டுக்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான், பார்த்துவிட்டுப் போகட்டும், இது டாக்டரம்மா கொடுத்த வேலை. காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில் தோலுக்கடியில் ஒரு சின்ன மேடு எழும்பும். எழும்பினால் அவள் பல்லைக் கடிக்கிறாள் என்று அர்த்தம். உடனே அவர் அவள் மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவள் கடியை விட வேண்டும். "அவங்களுக்கே தெரியாம கடிப்பாங்க சார், பக்கத்துல இருக்கிற நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று அந்தச் சின்னப் பெண், டாக்டர் ஜெஸிந்தா, சொன்னபோது நல்லுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளரை யார் சார் என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் கம்பவுண்டர் என்பார்கள், ஊசி போடும்போது கிடாரி உதைத்துவிட்டால் வேறு மாதிரியும் சொல்வார்கள். ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது, மேடு எழும்பியது, தட்டினார், மேடு அமுங்கியது. சரியாக வேலை செய்கிறது. தினமும் மாட்டின் வாயைப் பிளந்து, நாக்கைப் பிடித்து ஓரமாக இழுத்து, கையை முழங்கை வரை விட்டுக் குளிகை போடுகிற ஆள் அவர். கடைவாய்ப் பல் தேய்ந்த கிழட்டு எருமையையும் பால் பல் விழாத கன்றையும் தொட்டே சொல்லிவிடுவார். தன் வீட்டில், தன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது. அதிலும் யாருடைய வாய்! ஊரே கேட்கிற வாய். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தடியில் நின்று அவள் பேச ஆரம்பிப்பாள், கூட்டம் கூடும், லைன்மேன் தானாக ஏணியோடு வந்துவிடுவான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு சாபம் கிடையாது, எல்லாம் கேள்விகள்தான், பதில் சொல்ல முடியாத மாதிரிக் கேட்பாள். அவருக்கு அதை எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் என்றாவது சொல்லியிருக்கிறாரா? இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாளே.

முதலில் காது வலி என்றுதான் சொன்னாள். கோடையில் ஆரம்பித்தது. பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெயைச் சூடு பண்ணி அவர்தான் ஊற்றினார், இரண்டு நாளில் தலையணையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, வலி அப்படியே இருந்தது. காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது, எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்றார். பிறகு கடைவாய்ப் பல் என்று சொன்னாள், பல்லில் சொத்தை இல்லை. பிறகு நெற்றிப்பொட்டில் வலி. பிறகு வாயைத் திறக்கும்போது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்டது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, இவள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள், அவர் அதைக் கேட்டுக் கொண்டேதான் தூங்கியிருக்கிறார். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி. இது யாருக்குத் தெரியாது? பிள்ளைகளுக்கு அப்படித்தான் பார்ப்போம், கன்றுகளுக்கு அவரே கையால் மருந்து ஊற்றுகிறார். மெடிக்கலில் பூச்சி மாத்திரை வாங்கி வந்து ஒரு வார்த்தை பேசாமல் அவள் உள்ளங்கையில் வைத்தார். விஷயம் தெரிந்ததும் அவள் வலியோடு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஊர்ல இருக்கிற மாட்டுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டாரு, இப்ப என் முறை" என்று ஒரு வாரம் தெரு முழுக்கச் சொன்னாள், வாயை இடப்பக்கமாகக் கோணிக் கொண்டு சொன்னாள், வலி ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கத்தால் பேசுகிற மனுஷி. மாத்திரையும் போட்டுக் கொண்டாள். பூச்சி இருந்ததோ என்னவோ, வலி போகவில்லை. போன வாரம் ஒரு காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அவள் பயப்படவில்லை, இட்லியை இன்னும் சின்னதாகப் பிட்டாள். நல்லுச்சாமிக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வெகு நாளைக்கு முன்னால் ஒரு கன்றுக்குத் தாடை பூட்டிக்கொண்டது, காலில் ஆணி ஏறிய கன்று, கண் விழித்தபடியே இருக்கும், மடியில் பால் கட்டிக்கொண்டு தாய் கத்தும், இதற்கு வாய் திறக்காது, அவர் விரலை விட்டு நெம்பிப் பார்த்தார், இரும்பு மாதிரி இருந்தது, மறுநாள் கன்று செத்துப்போய்விட்டது. அந்த இரும்பு விரல் நுனியில் இன்னும் இருக்கிறது. இட்லி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் நினைத்தது அதைத்தான், சொன்னது எதுவும் இல்லை, எழுந்து போய் சட்டையை மாட்டிக்கொண்டார். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீட்டில் சத்தமே இருக்காது என்று பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தார். அந்த ஊமை வீட்டில் அவர் மட்டும், 'ம்' என்று சொல்வதற்குக்கூட எதிரில் ஆள் இல்லாமல். இன்று வந்தது இரண்டாம் தடவை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாகிவிட்டது, அப்படி ஒன்றும் இல்லை என்று அந்தச் சின்னப் பெண் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் அவர் கை அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சின்னப் பெண் பொறுமையாகச் சொன்னாள், அவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் காதுக்கு முன்னால விரலை வைங்க. மெதுவா வாயைத் திறங்க." வைத்தார். விரலுக்கடியில் ஏதோ உருண்டு முன்னால் வந்தது, மூடினால் உள்ளே போனது. இத்தனை வயதுக்கு அவர் முகத்தில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் சின்னதாக ஒரு மெத்தை மாதிரி இருக்கிறதாம், அது கொஞ்சம் நகர்ந்தால்தான் அந்த 'டக்'. சாப்பிட, பேச, கொட்டாவி விட, சிரிக்க, அழ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மூட்டுதான், ஒரு நாள் லீவு கிடையாது. நினைத்தால் மலைப்பாக இருந்தது. சிந்தாமணியின் மூட்டு அவர் மூட்டைவிட நூறு மடங்கு உழைத்திருக்கும், ஊர் வேலையும் சேர்த்து. "பேசுறதுனால வரலைம்மா, நல்லா பேசுங்க" என்றாள் டாக்டர், "அழுத்திக் கடிக்கிறதுனால வருது. பகல்லயும் கடிக்கிறீங்க, ராத்திரியும் கடிக்கிறீங்க, சதை இறுகிப் போயிருக்கு." அதற்கு இவள், "வலி பொறுக்க முடியாமத்தான் டாக்டரம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதை மட்டும் பண்ணாதீங்க. இனிமே எது வந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்காதீங்க." வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். முறுக்கு, கடலை, கரும்பு கொஞ்ச நாளைக்கு ஆகாது. கொட்டாவி வந்தால் மோவாய்க்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். தூங்கும்போது போட்டுக்கொள்ளப் பல்லுக்கு அளவெடுத்து ஒரு உறை செய்து தருவார்கள். முக்கால்வாசி இதிலேயே சரியாகிவிடும், கத்தியெல்லாம் வேண்டியிருக்காது. கடைசியாகச் சொன்னாளே, அதுதான். "எங்க, 'ம்'னு சொல்லுங்க." சிந்தாமணி சொன்னாள். "உதடு சேந்திருக்கா? பல்லு சேந்திருக்கா?" உதடு சேர்ந்திருந்தது, பல் சேரவில்லை. "இதுதான் தாடைக்கு ரெஸ்ட். சும்மா இருக்கும்போதெல்லாம் வாய் இப்படித்தான் இருக்கணும். 'ம்'னு நெனச்சுக்குங்க." சிந்தாமணி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "டாக்டரம்மா, இந்த வைத்தியத்தைத்தான் எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பண்ணிட்டு வர்றாரு. அவருக்குத் தாடை வலியே வந்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். நல்லுச்சாமியும் சிரித்தார், உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, இத்தனை நாள் குற்றமாகச் சொன்ன ஒன்று மருந்துச் சீட்டில் ஏறிவிட்டது. மாடுகளோடு பழகிய வாய் அது, ஊசி போடும்போது ம்... ம்... என்றால் மாடு நிற்கும், நீளமாகப் பேசினால் மிரளும். வீட்டிலும் அதுவே போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் கடைசியில் அந்தப் பெண் ஒன்று கேட்டாள், மனசுல ஏதாவது கவலை இருக்கா என்று. சிந்தாமணி, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள், இவ்வளவு பேசுகிறவள் அதை மட்டும் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாள், அது ஏன் என்று அவர் மனம் திரும்பத் திரும்ப அங்கே போய் நின்றது.

மணப்பாறையில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே முறுக்குக் கூடைகள் வந்தன. சிந்தாமணி கூடையைப் பார்த்தாள், அவர் அவள் கன்னத்தைப் பார்த்தார், மேடு எழும்பவில்லை, எச்சில் விழுங்கினாள், அவ்வளவுதான். ஒரு பாக்கெட் வாங்கி அவர் மடியில் போட்டாள். "நீங்க தின்னுங்க, நான் சத்தத்தைக் கேட்டுக்கறேன்." அவர் ஒன்றைக் கடித்தார், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றதும் தன் வாய்ச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது, காதோரம் மூட்டு உருளுவதுகூடத் தெரிந்தது, பாவமாக இருந்தது, பாதியை வைத்துவிட்டார். பஸ் கிளம்பியது. அவள் போன் அடித்தது. எதிர்வீட்டு மல்லிகா, ஸ்பீக்கர் தேவையில்லாத குரல். "அக்கா, நாளன்னைக்குக் கடைசி நாளு, தெருவே கேக்குது, என்னக்கா முடிவு?" சிந்தாமணி உதட்டை அதிகம் அசைக்காமல், "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். போனை மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள், வேலிக்கருவேல், கல் குவாரி, மறுபடி வேலிக்கருவேல். பிறகு திரும்பாமலேயே சொன்னாள். "ஏங்க, மனு குடுக்க நாளன்னைக்குக் கடைசி நாளாம்." நல்லுச்சாமி, "ம்" என்றார். மேடு எழும்பியது. இதுவரை எழும்பின மாதிரி இல்லை, கொண்டைக்கடலை மாதிரித் திரண்டு நின்றது. அவர் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது. பஸ் குலுங்கவில்லை. பிரேக் போடவில்லை. யாரும் எதுவும் செய்யவில்லை. அவர் 'ம்' என்றார், அவள் கடித்தாள். இல்லை, இருக்காது, இன்னொரு தடவை பார்ப்போம் என்று, தொண்டையைச் செருமுகிற மாதிரி, மெதுவாக இன்னொரு "ம்" போட்டார். மேடு இன்னும் இறுகியது. மடியில் இருந்த முறுக்கு பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

கோடையில்தானே வலி ஆரம்பித்தது. கோடையில்தானே வரப்போகிற தேர்தலிலும் அவர்கள் வார்டு பெண்கள் வார்டு என்று பேச்சு வந்தது, மல்லிகாவும் இன்னும் நாலைந்து பேரும் வீட்டுக்கு வந்து, "அக்கா நீங்க நில்லுங்க, சும்மாவே இவ்வளவு செய்றீங்க" என்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் போன பிறகு அவள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "நிக்கட்டுமாங்க?" அவர் "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? நில் என்றா, வேண்டாம் என்றா, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றா? அவருக்கே தெரியாது. அவள் எத்தனை தடவை கேட்டாள், காபி கொடுக்கும்போது, துணி மடிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் அவர் அந்த ஒற்றை எழுத்தை எடுத்து வைத்தார், அவள் அதை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். வேண்டாம் என்று அவர் நினைத்தாரா? சத்தியமாக இல்லை. அவளைவிட அந்த நாற்காலிக்குத் தோதான ஆள் ஊரில் கிடையாது என்று அவருக்குத் தெரியும், அது தெரிந்துதான் பயம். ஜெயித்துவிடுவாள். ஜெயித்தால் டீக்கடையில் எல்லோரும் அவரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுவார்கள். பழைய கவுன்சிலர் யார் என்று கேட்டால் ஊரே வீரப்பெருமாளைத்தான் கை காட்டும், நின்று ஜெயித்தது அவன் சம்சாரம், கையெழுத்து மட்டும்தான் அந்த அம்மாவுடையது, பெயர்கூட நல்லுச்சாமிக்கு நினைவில்லை. அப்படி நாலு பேர் நடுவில் நின்று பேச வேண்டும் என்று நினைத்தாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வீரப்பெருமாள்தான் ஒரு நாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நல்லுச்சாமியின் கை மாட்டின் வாய்க்குள் இருந்தது. "அண்ணே, அண்ணிக்கிட்ட சொல்லி வைங்க. ரோட்ல நின்னு பேசுறது வேற, இது வேற. நமக்கு எதுக்குண்ணே வம்பு?" மாடு மிரண்டு தலையை ஆட்டியது. நல்லுச்சாமி "ம்... ம்..." என்றார். மாட்டுக்குத்தான் சொன்னார். அவன் தனக்கு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனான். அன்று சாயங்காலம் குழாயடியிலிருந்து வந்த சிந்தாமணி குடத்தை இறக்காமலேயே நின்று கேட்டாள். "வீரப்பெருமாள் உங்களை வந்து பாத்தாராமே?" அவர் என்ன சொன்னார்? ஐயோ, அதற்கும் அதையேதான் சொன்னார். குடத்தை அவள் இறக்கி வைத்த விதம் இப்போது கண்ணில் தெரிகிறது, மெதுவாக, தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாமல். தெருவே கேட்கக் கேள்வி கேட்கிறவள் அவரை அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் இல்லாமல் நிற்க அவளால் முடியாதா? முடியும். ஊரையே எதிர்த்துக் கேட்கிறவளுக்கு இவர் ஒரு ஆளா? ஆனாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் என்று காத்துக்கொண்டு இருக்கிறாள், கோடை முழுக்க, மழைக்காலம் முழுக்க, தாடை பூட்டிக்கொள்ளும் வரைக்கும். இவ்வளவு மரியாதையை அவருக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. இந்த வேலிக்கருவேல் முடிவதற்குள். ஊர் வந்து இறங்கிவிட்டால் மல்லிகா வாசலிலேயே நிற்பாள், நாலு பேர் கூடிவிடுவார்கள், அவர் வாய் பழைய இடத்துக்குப் போய்விடும். ஒரு வார்த்தைதானே. வாயைத் திறக்கப் போனார், திறக்கவில்லை, தன் காதோரம் விரல் வைத்துப் பார்த்தார், அங்கே ஒரு மேடு, கல் மாதிரி, இது எப்போதிலிருந்து இருக்கிறது? அவரும் கடித்துக்கொண்டுதான் இருந்தாரா? 'ம்' என்று நினைத்துக்கொண்டார், பல் விலகியது, அந்தச் சந்தில் மூச்சை விட்டார், இத்தனை மாதம் அடைத்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் வந்துவிட்டது. "நில்லு!" அந்தக் குரல் தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் கிறீச்சென்று ஓரம் கட்டி நின்றது. வெளியே ஒரு ஆடு மட்டும் நின்றது. "யாருய்யா அது, நில்லு கில்லுன்னு? ஒரு மருவாதி வேணாம்? இங்க ஸ்டாப்பிங்கே கெடையாது, யாரு எறங்குறது?" எல்லாத் தலையும் திரும்பியது. எந்த நாலு பேருக்கு அவர் பயந்தாரோ அவர்கள் ஐம்பது பேராக உட்கார்ந்திருந்தார்கள். நல்லுச்சாமி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. பஸ்ஸைச் சொல்லலைங்க. இவங்களைச் சொன்னேன். எங்க வீட்டுக்காரம்மா. எலக்சன்ல நில்லுன்னு சொன்னேன்." பின்சீட்டிலிருந்து ஒருவர், "அதை வீட்ல வச்சுச் சொல்லக்கூடாதாண்ணே?" என்றார். "வீட்ல வாய் வரலைங்க" என்றார் நல்லுச்சாமி. பஸ்ஸே சிரித்தது, கண்டக்டரும் சிரித்துவிட்டு விசில் ஊதினார், வண்டி நகர்ந்தது. அவர் உட்கார்ந்தார், ஆனால் வாய் நிற்கவில்லை, திறந்த வாயை மூடுவது எப்படி என்று தெரியவில்லை. "நீதான் கவுன்சிலரு. நாற்காலிப் பக்கமே நான் வர மாட்டேன். எவனாவது என்னைக் கவுன்சிலர்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். நீ பேசுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும் சிந்தா. எப்பவுமே பிடிக்கும். வலிச்சா கொஞ்சமா பேசு, நான் பக்கத்துல நின்னு கன்னத்தைப் பாத்துக்கறேன்." சிந்தாமணி இப்போதுதான் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "அப்ப வீரப்பெருமாள்கிட்ட சொன்னது?" என்று கேட்டாள். "அது மாட்டுக்குச் சொன்னது" என்றார். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே மோவாய்க்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குனிந்து முறுக்கு பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மெதுவாச் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்கும்" என்றாள். அவர் பேசிக்கொண்டே வந்தார், தெருவிளக்கைப் பற்றி, இட்லி தட்டுக்கு முன்னால் பயந்ததைப் பற்றி, அந்தக் கன்றைப் பற்றி. பேசும்போதே பழக்கத்தில் கண் அவள் கன்னத்துக்குப் போனது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "ம்" என்றாள். உதடு சேர்ந்திருந்தது. கன்னத்தில் மேடு இல்லை.